ஏக்கர் கணக்கும் கோடிக் கணக்கும்

தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். செலவு 25 கோடியே 37 லட்சம் ரூபாய். 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் பக்கம் சுவர் உடைந்தது. நடுவில் நான்கு மாதம். சம்பாப் பயிர்கூட அதைவிடக் கூடுதல் நாள் வயலில் நிற்கும். அதே ஆண்டு நவம்பரில் வெள்ளம் வந்து கரையை அரிக்கத் தொடங்கியதும், மிச்சமிருந்த கட்டுமானத்தை அரசே வெடி வைத்துத் தகர்த்தது. கட்டிய காசு நம்முடையது, தகர்த்த வெடியின் காசும் நம்முடையதுதான். நடுவில் தண்ணீர் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை.

நான்கு பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அன்றைய எதிர்க்கட்சி உடைந்த அணையருகே நின்று ஊழல் ஊழல் என்று முழங்கியது. நியாயமான முழக்கம். அந்தக் கோபம் தீர்வதற்குள் அவர்களே ஆட்சிக்கும் வந்துவிட்டார்கள். அதே தென்பெண்ணையில், சற்று மேலே, திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்து ஒரு பாலம் கட்டினார்கள். ஏறக்குறைய 16 கோடி. 2024 செப்டம்பரில் திறப்பு விழா. டிசம்பர் பிறந்ததும் ஃபெஞ்சல் புயல் மழை, பாலம் ஆற்றோடு போயிற்று. மூன்றே மாதம். முந்தைய ஆட்சியின் சாதனையை ஒரு மாத வித்தியாசத்தில் முறியடித்துவிட்டார்கள். இதைத்தான் திராவிடக் கட்சிகளுக்கு இடையிலான ஆரோக்கியமான போட்டி என்கிறார்கள் போலிருக்கிறது.

பாலத்தின் வடிவமைப்பு தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். வந்ததுதான். சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அணை அரசுடையது, மதகைத் திறந்த கை அரசுடையது, பாலத்துக்கு வரைபடம் போட்டதும் அரசு. அணைக்குக் கீழே பாலம் கட்டுகிறோம், அணை திறந்தால் தண்ணீர் வரும் என்ற ரகசியம் மட்டும் துறைக்குத் துறை பரிமாறப்படவில்லை. கடைசியில் குற்றவாளி யார்? தென்பெண்ணை. ஆற்றின் மீது குண்டர் சட்டம் பாயாது என்பது ஒன்றுதான் அதற்கு ஆறுதல். அந்தச் சட்டம் யார் மீது பாயும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காவிரியின் முக்கொம்பு மேலணையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கினார். அந்நியன், கொள்ளையடிக்க வந்தவன், நம் வரிப்பணத்தில் கணக்குப் பார்த்துக் கட்டினான். கொள்ளிடம் பக்கம் அது 2018 ஆகஸ்ட் 22 வரை நின்றது. அன்றிரவு ஒன்பது மதகுகள் சரிந்தன. பதிலுக்கு 387.60 கோடியில் புதிய கதவணை எழுப்பியிருக்கிறார்கள். நன்றாக நிற்கட்டும், என் வாய் முகூர்த்தம் பலிக்க வேண்டாம். ஆனால் நூற்றெண்பது வருடம் நின்ற பழைய கட்டுமானத்துக்குப் பராமரிப்பு என்று எழுதிய பட்டியல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, அந்தப் பணம் எந்த மதகுக்குப் போயிற்று என்று யாராவது கேட்டால், கேட்டவர்தான் வளர்ச்சிக்கு எதிரி ஆவார்.

அரசு கட்டும்போது எதுவும் மலிவாக இருக்காது. மதிப்பீடு போடுவார்கள். அதற்குத் தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், பிறகு டெண்டர், அளவுப் புத்தகம், பட்டியல். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு இளைப்பாறும். இளைப்பாறிய இடத்துக்கெல்லாம் வாடகை உண்டு. இந்த வாடகை எவ்வளவு சதவீதம் என்பது ஊராட்சித் தெருவிளக்குப் போடும் சின்னக் கான்ட்ராக்டர் முதல் ஊர் டீக்கடை வரை எல்லோருக்கும் மனப்பாடம், லஞ்ச ஒழிப்புத் துறைக்கு மட்டும் அவ்வப்போது மறந்துபோகும். பணி பாதியில் இருக்கும்போது திருத்திய மதிப்பீடு என்று ஒரு புதுக் கோப்பு பிறக்கும். சிமெண்ட் விலை ஏறிவிட்டது, கம்பி விலை ஏறிவிட்டது, ஜல்லி கிடைக்கவில்லை. எல்லாம் ஏறும். சரி, விலைவாசி என்றால் ஏறத்தானே செய்யும்?

ஏறாத ஒரு பொருள் இருக்கிறது. அது விவசாயியின் மண்.

நிலம் எடுக்கும்போது இதே அரசு அப்படியொரு கருமியாக மாறும். கோடிகளைக் கால்வாயில் வழியவிட்ட அதே கை, சென்ட் கணக்கில் கிள்ளிப் பார்க்கும். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், இழப்பீட்டைக் கணக்கிட வழிகாட்டி மதிப்பையோ அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களின் சராசரியையோ, எது அதிகமோ அதை எடு என்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கிராமத்தில் கிரயம் எப்படிப் பதிவாகிறது என்பது சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். கைமாறிய பணம் ஒன்று, பத்திரத்தில் எழுதிய பணம் ஒன்று. முத்திரைத் தீர்வை அந்த அளவுக்கு இருந்தால் வேறென்ன செய்வார்கள்? ஆக, இரண்டு தராசும் ஒரே பக்கம்தான் சாயும்.

2017 ஜூனில் அரசு ஒரு கருணை காட்டியது. வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. மக்களின் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். அதே மூச்சில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். வாங்குகிறவனிடம் வாங்குவது குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். நிலம் பறிகொடுக்கப்போகிறவனுக்குக் கொடுப்பது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சில மாதங்களில், 2018இல், சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை அறிவிப்பு வந்தது: 277 கிலோமீட்டர், 10,000 கோடி. முன்னேற்பாடு என்று நான் சொல்லவில்லை. தற்செயல்தான். தமிழ்நாட்டில் தற்செயல்கள் எப்போதும் நில எடுப்பு அதிகாரியின் பக்கம் நிற்கும், அவ்வளவுதான்.

அந்தச் சாலைக்குக் கல் நட வந்தவர்கள் போலீசோடு வந்தார்கள். தென்னையும் பாக்கும் நிற்கிற கிணற்றடித் தோட்டத்தில் கல் நட்டார்கள், மறித்த கிழவிகளைத் தூக்கி வேனில் போட்டார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது விவசாயிகளோடு நின்று கண்ணீர் விட்டவர்கள், ஆட்சிக்கு வந்த பிறகு நாங்கள் சாலைக்கு எதிரிகள் அல்லவே என்றார்கள். வெள்ளைத் துண்டுக்கு அதன் பயன் உண்டு. கண்ணைத் துடைக்கலாம், தேவைப்பட்டால் தோளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு கழகத்தாரும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1978 ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் எம்ஜிஆர் காலத்தது. 1997 தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் கருணாநிதி காலத்தது. 2001 நெடுஞ்சாலைச் சட்டம் ஜெயலலிதா காலத்தது. 2013இல் மத்தியச் சட்டம் வந்து, ஊராரின் சம்மதம் கேள், சமூகத் தாக்கத்தை ஆராய்ந்து பார், பிறகு எடு என்றது. அடடா, விபரீதம்! உடனே அதில் 105ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, எங்கள் மூன்று சட்டங்களுக்கும் இந்தச் சம்பிரதாயமெல்லாம் கிடையாது என்று எழுதிக்கொண்டார்கள். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. தீர்ப்பின் மை காய்வதற்குள், அதே ஜூலையில், செத்த சட்டங்களுக்கு உயிர் கொடுக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதுவும் 2013 செப்டம்பரிலிருந்தே உயிரோடு இருந்ததாகப் பாவிக்கும் ஏற்பாட்டுடன். 2021இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. குடிநீர்க் குழாய் கேட்டு ஒரு ஊர் எத்தனை வருடம் மனு கொடுக்கும் என்பது நமக்குத் தெரியும். மண்ணைப் பிடுங்கும் அதிகாரம் ஒரு மாதம்கூட விடுப்பில் இருக்கக் கூடாது என்று அரசு இயந்திரம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால், இந்த இயந்திரத்துக்கு மூட்டுவலி என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்தக் குண்டர் சட்டம். 1982இல் வந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர், போதைப்பொருள் விற்கிறவர், குண்டர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர் என்று பட்டியல் போட்டார்கள். பின்னாளில் திருட்டு விசிடி, மணல் திருட்டு, இணையக் குற்றம் என்று நீட்டினார்கள். அந்தப் பட்டியலில் நெல் விளைவிப்பவர் என்ற வகை இல்லை. அந்தக் குறையை 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் நிவர்த்தி செய்தது. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் கேட்டார்கள். தர மாட்டோம் என்று பல மாதம் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள் விவசாயிகள். ஏழு பேர் மீது குண்டர் சட்டம். ஊரார் நிலத்தை அபகரித்தவனுக்காக எழுதிய சட்டம், தன் நிலத்தை விட மறுத்தவன் மீது பாய்ந்தது. ஊரெல்லாம் காறித் துப்பிய பிறகு ஆறு பேர் மீதான உத்தரவை முதலில் திரும்பப் பெற்றார்கள். அதையும் கருணை என்றே அறிவித்தார்கள். அடித்தவனே ஒத்தடம் கொடுத்துவிட்டு நன்றி கேட்பது இங்கே புதிதா என்ன?

அரசுக்கு எடுக்க மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டால் பாவம் வரும். கொடுக்கவும் தெரியும். 2006 தேர்தலில், நிலமற்ற ஏழை விவசாயக் குடும்பத்துக்குத் தலா இரண்டு ஏக்கர் என்றார்கள். மாநிலத்தில் 55 லட்சம் ஏக்கர் தரிசு கிடக்கிறது என்று கணக்கும் சொன்னார்கள். மேடையில் இருந்த ஏக்கர் தரையில் இல்லை. அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதிதான் கைக்கு வந்து சேர்ந்தது. வந்ததிலும், பட்டாக் காகிதம் கையில் இருக்கும், நிலம் எங்கே என்று காட்ட சர்வேயர் வர வேண்டும், சர்வேயர் வந்தால் பாறை காட்டுவார், பாறை இல்லாவிட்டால் ஏற்கெனவே வேறொருவர் வேலி போட்டிருப்பார். தொழிற்பேட்டைக்கு என்றால் ஒரே பரப்பாக, ஏரிப் பாசனத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில், மின்வசதியோடு ஆயிரக்கணக்கில் அகப்படுகிற நிலம், சேரிக்காரனுக்கு இரண்டு ஏக்கர் என்றதும் மாயமாக மறைந்துவிடுகிறது. அந்த வித்தையை வருவாய்த் துறை யாரிடம் கற்றது என்று தெரியவில்லை.

அதற்கு முந்தைய கொடையும் ஒன்று உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் வெள்ளைக்காரன் பஞ்சமி நிலம் ஒதுக்கினான். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேயேதான் கைமாற வேண்டும் என்று நிபந்தனையும் போட்டான். நிபந்தனை பத்திரத்தில் அப்படியேதான் இருக்கிறது. நிலம்தான் இடம் பெயர்ந்துவிட்டது. எத்தனை ஏக்கர் யார் கையில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்துப் பதிவேடு சொல்லும். அந்தப் பதிவேட்டைத் திறக்க இதுவரை ஆட்சிக்கு வந்த எவருக்கும் மனம் வரவில்லை. திறக்கச் சொல்லி, காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு ஏக்கர் தர முடியாத அரசு, இரண்டு குண்டுகளை மட்டும் தாமதமில்லாமல் தந்தது. எட்டு வழிச்சாலைக்குக் கல் நட அத்தனை அதிகாரிகள் கிடைத்தார்கள். பஞ்சமி நிலத்துக்கு எல்லைக் கல் நட ஒருவரும் அகப்பட மாட்டேன் என்கிறார்.

அதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான் பரந்தூர் இருக்கிறது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பதின்மூன்று கிராமங்கள். 5,746 ஏக்கர். அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம், 1,972 ஏக்கர் அரசு நிலம். அரசு நிலம் என்றதும் சும்மா கிடக்கும் பொட்டல் என்று நினைத்துவிடக் கூடாது. அரசு நிலம் என்பதில் ஏரியும் குளமும் தாங்கலும் ஓடையும் அடக்கம். திட்டப் பரப்பின் குறுக்கே கம்பன் கால்வாய் ஓடுகிறது, வழியில் உள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகும் கால்வாய். 2015இல் சென்னை எப்படி மூழ்கியது என்பதைப் பார்த்த பிறகும், நகரத்துக்கு மேலே இருக்கும் ஏரிகளின் மீது கான்கிரீட் ஊற்றலாம் என்று தோன்றுவதற்குத் தனியான துணிச்சல் வேண்டும். பெருவெள்ளத்தில் மொட்டை மாடியில் நிற்காதவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் துணிச்சல் அது.

அறிவித்தபோது செலவு 20,000 கோடி. மூன்று வருடத்துக்குள் மதிப்பீடு 27,000 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு செங்கல் வைக்கவில்லை, ஒரு விமானம் வரவில்லை. காகிதத்திலேயே ஆயிரக்கணக்கான கோடி விளைந்துவிட்டது, போகத்துக்கு இவ்வளவு கண்டுமுதல் என்று அந்தப் பதின்மூன்றில் ஒன்றான ஏகனாபுரத்து விவசாயி கனவிலும் பார்த்திருக்க மாட்டார். ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில் விமான நிலையம் வைத்தால் போய்ச் சேர வழி வேண்டாமா? பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோ, 53 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15,900 கோடி என்று அதற்கொரு தனி மதிப்பீடு. கிலோமீட்டருக்கு 300 கோடி. அந்த ஊர்களில் அரசுப் பேருந்து எத்தனை மணிக்கு ஒரு தடவை வருகிறது என்று போய்க் கேளுங்கள்.

சந்தை மதிப்பைப் போல மூன்றரை மடங்கு தருகிறோம் என்றார்கள் அமைச்சர்கள். எந்தச் சந்தை? விமான நிலையம் வருகிறது என்று அறிவித்த அன்றே அந்த ஊர்களில் நிலம் வாங்க வருகிறவர் நின்றுபோனார். மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்கலாம் என்றால் முடியாது, அடகு வைக்கலாம் என்றால் பேங்க் மேனேஜர் வரைபடத்தைப் பார்க்கிறார். சந்தையைக் கொன்றுவிட்டு, அதன் மதிப்பை மூன்றரையால் பெருக்கித் தருகிறார்களாம். பெருக்கல் வாய்ப்பாட்டில் அரசு தேறிவிட்டது.

ஏகனாபுரம் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மறுபடி போட்டது. சுதந்திர தினத்தில் போட்டது, காந்தி ஜெயந்தியில் போட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஏறக்குறைய ஊரே வாக்குச்சாவடிப் பக்கம் போகவில்லை. இனி இங்கே வாழ வழியில்லை, ஆந்திராவுக்குக் குடிபெயர்கிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கிராம சபையே ஜனநாயகத்தின் ஆணிவேர் என்று குடியரசு தினத்துக்குக் குடியரசு தினம் ஜமுக்காளம் விரித்து உட்காருகிற அமைச்சர்கள், அந்த ஆணிவேர் வேண்டாம் என்று சொன்ன ஒரே விஷயத்தை மட்டும் காதில் வாங்கவில்லை. ஆட்சேபணை மனு கொடுங்கள், விசாரிக்கிறோம் என்பார்கள். விசாரிக்கிறவர் நில எடுப்பு அலுவலர். அவருடைய வேலை நிலம் எடுப்பது.

ஏரிகள் என்ன ஆகும் என்று கேட்டால் அதற்கும் சட்டம் தயார். 2023 ஏப்ரலில் சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதம் என்ற தொல்லை இல்லாமல், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டமாக இருந்தால், நடுவில் இருக்கும் நீர்நிலையையும் சேர்த்துக் கொடுக்கலாம், பதிலுக்கு வேறு இடம் வாங்கிக்கொள்ளலாம். கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்வார்களாம். சிறு திட்டம் என்றால் ஏரியைத் தொடக் கூடாது, பெரும் திட்டம் என்றால் ஏரியே நகர்ந்து கொடுக்க வேண்டும். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவனை நீதிமன்ற உத்தரவைக் காட்டி விடிகாலையில் ஜேசிபி கொண்டு இடிக்கிறார்களே, அவன் செய்த தவறு இப்போது புரிகிறது. அவன் 100 ஹெக்டேர் கேட்டிருக்க வேண்டும்.

மேடு எது, பள்ளம் எது, மழை எந்த வாட்டத்தில் ஓடும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கரை போட்ட ஏரி அது. அதைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறொரு சர்வே எண்ணில் வைப்பார்களாம். வைக்கட்டும். அதற்கு ஒரு மதிப்பீடு போடுவார்கள், டெண்டர் விடுவார்கள், மதகுக்கு இவ்வளவு, கலங்கலுக்கு இவ்வளவு என்று சில வருடத்தில் திருத்திய மதிப்பீடும் வரும். அந்தப் புது ஏரிக்கு இடம் வேண்டுமே, அதற்கும் யாருடைய நஞ்சையையாவது எடுப்பார்கள், வழிகாட்டி மதிப்பில்.